முருங்கை விட்டில்

நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தார் யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு எம்மைப் பணித்தனர். தமிழாசிரியன் ஒருவனிடமிருந்து அவர்கள் எதிர்பார்த்தது சிலம்பின் சுவையாகவோ கம்பனின் கவிநலமாகவோ இருத்தல் கூடும். அவற்றை எம்மினும் நன்கு எழுத வல்லார் இம்மலரிலேயே பலர் உளர். ஆதலின், கல்முனைக் கரையோரத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆண்டுதோறும் வீட்டு விளக்குகளை நாடிவரும் எளிய விருந்தாளி ஒருவரைப் பற்றி எழுதத் துணிந்தோம். அவ்விருந்தாளி ஒரு விட்டில்.

தமிழாசிரியனுக்கும் பூச்சிக்கும் என்ன உறவு என்று வினவுவார்க்கு யாம் காட்டும் சான்று அண்மையிலேயே உளது. எம் ஊருக்கு அயலூராகிய காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்த அடிகளார் (1892 - 1947) மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராயும் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாயும் ஒருங்கே விளங்கியவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவரே. யாழின் நரம்பைக் கணிதத்தால் அளந்த அப்பெரியாரின் மண்ணில் வாழும் நாம், முற்றத்து மரத்திலே ஊரும் புழுவை அறிவியற் கண்கொண்டு நோக்குதல் தமிழுக்குப் புறம்பான செயலாகாது.

மேல்நாட்டார்க்கு இலையுதிர்காலம் என்றொரு பருவம் உண்டு. வெயில் தணிந்து, மரங்கள் இலையுதிர்த்து, குளிர் மெல்லப் புகும் அக்காலத்தில் மட்டும் பறக்கும் விட்டில்கள் ஆங்குச் சில உள. இங்கிலாந்தில் 'திசம்பர் விட்டில்' என்றே பெயர் பெற்ற ஒன்று ஒக்டோபர் முதல் ஆண்டிறுதிவரை பறப்பது; உணவு யாதும் கொள்ளாது; முட்டையிட்டு மாய்வது. அதன் முட்டைகள் பனிக்காலத்தைக் கடந்து வசந்தத்திற் பொரிக்கும். நமக்கோ இலையுதிர்காலம் இல்லை. அம்மாதங்களில் நமக்கு வருவது மாரி. வடகீழ்ப் பருவக்காற்று முதன்மழையைக் கொணர்கின்றது. வயல்களிற் பெரும்போக வேளாண்மை தொடங்குகின்றது. அம்மழையின் ஈரம் மண்ணுள் இறங்கியவுடன் எம் விருந்தாளியும் துயிலெழுகின்றது. ஆங்கு முட்டையாய்க் குளிரைக் கடப்பது ஒன்று. ஈங்குக் கூட்டுப்புழுவாய் வெயிலைக் கடப்பது மற்றொன்று. இரண்டும் காலம் பார்த்து வாழும் உயிர்கள்.

அதன் தோற்றத்தைக் கூறுவோம். வெளிறிய மஞ்சள் கலந்த கபில நிறச் சிறகுகள். அவற்றின் குறுக்கே மங்கலான சில கோடுகள். பஞ்சினாற் செய்தாற்போன்ற பருத்த உடல். சுவரில் அமர்ந்திருக்கும்போது காய்ந்த பலாவிலைத் துண்டு ஒன்று காற்றில் வந்து ஒட்டிக்கொண்டதோ என ஐயுறத் தோன்றும். 1865ஆம் ஆண்டில் பிரான்சிசு வாக்கர் என்னும் ஆங்கில அறிஞர் இதற்கு இட்ட பெயர் 'மொல்லிபெரா' என்பது. அஃது இலத்தீன் சொல். மென்மையைத் தாங்குவது எனப் பொருள்படும். இப்பெயரை எம் மாணவரிடம் கூறியபொழுது வகுப்பே நகைத்தது. ஏனெனில், அவர்கள் அறிந்தவரை அதன் இளமைக்காலப் பெயர் மயிர்க்கொட்டி!

ஆம், முருங்கை மரத்தின் அடியிலே பகற்பொழுதில் கம்பளி போர்த்தாற்போலத் திரண்டு கிடந்து, தொட்டாரையும் தொடாதாரையும் தினவெடுக்கச் செய்யும் மயிர்க்கொட்டியே பின்னர் இவ்விட்டிலாகின்றது. இவ்வுண்மை நூலறிந்தார்க்குப் புதிதன்று. எனினும் எம் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், மயிர்க்கொட்டி வேற, விட்டில் வேறதானே? ஒண்டக் கண்டா நாங்க ஓடுறம்; மத்தது தானா வந்து விளக்கில விழுகுது" என்றான். முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறையுடலி என நான்கு நிலைகளையும் விஞ்ஞான பாடத்தில் மனப்பாடம் செய்து முழுப் புள்ளி பெற்றவன் அவன். பாடநூலின் குடம்பி வேறு, தன் வீட்டு மயிர்க்கொட்டி வேறு என்றே அவன் எண்ணியிருந்தான். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே வீழ்ந்த அப்பிளவை மூடுதல் தமிழாசிரியனின் கடனுமாகும் என்று யாம் கொண்டோம்.

இனி அதன் வாழ்க்கை வட்டத்தைச் சற்று விரிவாகக் காண்போம்.

மாரி தொடங்கியபின் வெளிப்படும் பெண் விட்டில், முருங்கையின் இலைகளிலும் இளந்தண்டுகளிலும் முட்டைகளைக் கூட்டமாக இடுகின்றது. இதுவே நாம் நினைவிற் கொள்ளத்தக்க முதற்செய்தி. ஒரு தலைமுறையின் பெருங்கூட்டம் முழுவதும் சில நாட்களுக்கு ஒரே இலைக்காம்பில் அடங்கிக் கிடக்கின்றது. பொரித்த புழுக்கள் பிரிந்து செல்வதில்லை. கூடியே உண்டு, கூடியே உறங்கி, கூடியே தோலுரிக்கின்றன. இரவில் ஏறி இலைகளை மேய்கின்றன. பகலில் அடிமரத்திற்கு இறங்கிப் பட்டையோடு பட்டையாய் ஒட்டிக் கிடக்கின்றன. இலை மட்டுமன்றி இளம்பட்டையையும் சுரண்டி உண்ணும். கூட்டம் மிகுந்த ஆண்டில் ஒரு மரத்தை ஈர்க்கு மட்டும் எஞ்சுமாறு மொட்டையாக்கிவிடும்.

முதிர்ந்த புழு மரத்தைவிட்டு இறங்கி மண்ணுட் புகுகின்றது. ஆங்குத் தன் உடல் மயிரையும் வாயினின்று ஊறும் பட்டிழையையும் சேர்த்துக் கூடொன்று சமைக்கின்றது. மருதமுனை நெசவாளர் கைத்தறியில் நெய்வதைக் கண்டு வளர்ந்த எம் மாணவர்க்கு, தன் ஆடையைத் தானே நூற்றுத் தானே நெய்து தானே உடுத்துக்கொள்ளும் இப்புழு பெருவியப்பளித்தது. அக்கூட்டினுள் அது கோடை முழுவதும் கிடக்கின்றது. கச்சான் காற்று மணலை வாரி வீசும் மாதங்களில், நம் காலடியிலே ஒரு சாண் ஆழத்தில், அடுத்த மாரிக்கான விட்டில் உறங்குகின்றது. பெரும்பாலும் ஆண்டிற்கு ஒரு தலைமுறையே.

உணவைப் பற்றி இங்கு ஒன்று கூறல் வேண்டும். ஒவ்வொரு விட்டிலுக்கும் தனக்கெனச் சில செடிகள் உள. எம் வட்டாரத்து அலரியிலும் நந்தியாவட்டையிலும் பட்டிப்பூவிலும் வளரும் பருத்த பச்சைப்புழு, நஞ்சுடைய அலரியிலையை உண்டும் நலமாய் வாழ்ந்து, பச்சையும் இளஞ்சிவப்பும் தோய்ந்த பேரழகு விட்டிலாகின்றது. கோயிற் பூசைக்கு மலர்கொய்யச் செல்வார் அதன் புழுவின் போலிக் கண்களைக் கண்டு வெருண்டதுண்டு. எள்ளு வயலில் வளரும் மற்றொரு புழு, முதுகிலே மண்டையோட்டுக் குறி தாங்கிய விட்டிலாகித் தேன்கூட்டிற் புகுந்து தேனைத் திருடும், பிடித்தாற் கிறீச்சிடும். பெரும்போக நெல்லின் தண்டைத் துளைக்கும் புழுவோ மஞ்சட் சிறகில் ஒரு கரும்புள்ளி தாங்கிய சிறு விட்டிலின் பிள்ளை. இளம்பயிரிற் குருத்தைச் சாகடிப்பதும் கதிர் விட்ட பயிரை வெண்கதிராக்குவதும் அதன் தொழில். எம் விருந்தாளியின் உறவினர் சிலர் தென்னிந்தியாவின் ஏலத் தோட்டங்களில் நிழல்மரங்களையும் ஏலத்தையும் உண்பர். நம் முற்றத்து விட்டிலோ தன் வாழ்வை முருங்கையோடு பிணைத்துக்கொண்டது. முருங்கை உள்ள இடமே அதற்கு ஊர்.

அம்முருங்கைதானே நம்மவர்க்கும் உயிர்! 'மொரிங்கா' என்னும் உலகப் பெயரே தமிழ் முருங்கையினின்று பிறந்தது. எம் கடற்கரையூர்களில் நண்டுக் கறியும் முருங்கையிலையும் பிரியாத் துணைகள். 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையோரத்தைச் சூறையாடியபின், மீண்டும் குடியேறியோர் தம் வளவுகளில் முதலில் ஊன்றியவற்றுள் முருங்கைக் கொம்பும் ஒன்றாயிருந்ததை யாம் கண்டோம். விதை வேண்டா, பணம் வேண்டா. அயலார் ஒடித்துத் தந்த ஒரு கொம்பு போதும். விரைவிலே கீரை தரும்.

அவ்வாறு ஊன்றிய மரமொன்று எம் மாணவனின் மூத்தம்மா வீட்டு வாசலில் நின்றது. அதன் இலையைக் கட்டுக்கட்டாகக் கட்டிக் கல்முனைச் சந்தைக்கு அனுப்பி அம்மூதாட்டி தம் செலவைத் தாமே நடத்தி வந்தார். மயிர்க்கொட்டி மிகுந்த ஒரு கார்த்திகையில், அவர் பேரக் குழந்தையின் கண்ணில் அதன் மயிர் பட்டுவிட்டது. வைத்தியசாலையிற் கழுவி மருந்திட்டனர், கண் பிழைத்தது. அன்று மாலையே வீட்டார் மரத்திற்கு அடிக்கவென நஞ்சு மருந்துப் போத்தல் ஒன்றை வாங்கி வந்துவிட்டனர். செய்தி கேட்டு யாம் சென்றபொழுது, ஒருபுறம் நஞ்சுப் போத்தல். மறுபுறம் விடியற்காலைச் சந்தைக்கெனப் பாதி கட்டிய கீரைக் கட்டுகள்.

"மருந்து அடித்தால் சில கிழமைகளுக்கு இலை பறித்தல் ஆகாது, மூத்தம்மா. வாங்கி உண்பவர் வயிற்றுக்குள்ளும் அது போகும்" என்றோம்.

"அத்தின கிழமைக்கு இல விக்காட்டி நாங்க என்னத்தச் சாப்பிடுற, மாஸ்டர்? மரத்த வெட்டத்தான் வேணும். புள்ளட கண்ண விட மரம் பெரிசா?" என்றார் அவர்.

இக்கேள்விக்கு ஏட்டுச்சுரைக்காய் உதவாது. குழந்தையின் கண் ஒருபக்கம். மூதாட்டியின் சோறு ஒருபக்கம். முகமறியாத பிறர் வயிறு மற்றொரு பக்கம். ஆனால் புழுவின் வாழ்க்கையை அறிந்தவனுக்கு நான்காவது வழி ஒன்று புலப்படுகின்றது. பகலில் அவை யாவும் அடிமரத்தில், கைக்கெட்டும் உயரத்தில், ஓரிடத்திலே கூடிக் கிடக்கின்றன அன்றோ! தென்னோலைச் சூள் கொளுத்திச் சுடுவது நம் ஊர்ப் பழைய முறை. அது மரப்பட்டையையும் சுட்டுவிடும். ஆதலின் மறுநாட் பகல், கைகளைப் பொலித்தீன் பையாற் போர்த்து, நீண்ட ஈர்க்கு விளக்குமாற்றால் அவற்றைச் சவர்க்காரம் கரைத்த நீர் வாளியில் தட்டி வீழ்த்தினோம். உயரக் கிளைகளில் எஞ்சியவற்றைக் கிளையோடு ஒடித்தோம். முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்பது நம் பழமொழி. பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்னும் அதன் மறுபாதியை ஆசிரியராகிய யாம் ஏற்பதில்லை; முன்பாதி முற்றிலும் உண்மை. ஒடித்த மரம் சில கிழமைகளிற் புதுத்தளிர் விட்டது. கோடையில் மரத்தடி மண்ணைக் கொத்திப் புரட்டிக் கூடுகளை வெயிலுக்கும் காகத்திற்கும் காட்டினோம். அடுத்த ஆண்டு மயிர்க்கொட்டி முற்றாக ஒழியவில்லை. ஆயின் அடிமரத்தை மூடும் கம்பளி சிறு துண்டாகச் சுருங்கியிருந்தது.

மயிர் பட்ட இடத்தைத் தேய்க்கலாகாது என்பதையும் இங்குக் குறித்தல் நலம். ஒட்டுநாடாவை மெல்ல ஒட்டி எடுத்து மயிரைக் களைந்தபின் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். கண்ணிற் பட்டாற் காலந்தாழ்த்தாது வைத்தியரை நாடுக.

அன்று வீழ்த்தியவற்றுள் 11 புழுக்களை மாணவர் மண்பானையொன்றில், முருங்கையிலையும் ஈரமண்ணும் இட்டு, வாயைத் துணியாற் கட்டிப் பாடசாலைக்குக் கொணர்ந்தனர். சில நாட்களில் அவை மண்ணுட் புகுந்தன. அதன்பின் பானை வகுப்பின் மூலையிற் சும்மா கிடந்தது. மாணவர் வகுப்பேறினர்; பானையும் உடன் சென்றது. இரண்டு கூடுகளினின்று விட்டில் வரவில்லை. மயிர்க்கொட்டியின் உடலுள்ளே வளர்ந்த ஈக்கள் வந்தன. இயற்கை தானே வைத்த காவலர் அவ்வீக்கள். குயிலினத்துப் பறவைகளிற் சுடலைக்குயில் முதலியன நாம் தொட அஞ்சும் இம்மயிர்ப்புழுக்களை விரும்பி உண்பதும் அத்தகைய காவலே. நஞ்சு தெளித்தால் முதலில் நாம் இழப்பது இக்காவலரைத்தான்.

ஐப்பசி முதன்மழையின் மறுநாட் காலை பானையின் துணியில் 3 விட்டில்கள் அமர்ந்திருந்தன. எஞ்சியவை மண்ணோடு மண்ணாயின. அவற்றுக்கு உணவாக ஒரு மாணவி சீனித்தண்ணீர் கொணர்ந்தாள். விட்டில்கள் அதனைத் தீண்டவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியால் நெடுநேரம் நோக்கிய மாணவன், "சேர், இதுக்கு வாயே இல்லையே!" என்றான். அவன் குரலில் இருந்த திகைப்பு எம்மையும் தீண்டியது. இக்குடும்பத்து விட்டில்களுக்குத் தேனுறிஞ்சும் குழல் இல்லை. இருப்பினும் பயன்படாத அளவு குறுகியது. புழுவாய் இருந்த சில கிழமைகளில் முருங்கை ஊட்டிய உணவே கோடைத் துயிலுக்கும், சிறகு சமைக்கவும், துணை தேடவும், முட்டையிடவும் போதியதாதல் வேண்டும். தினவு தரும் புழு என்று நாம் வெறுக்கும் அப்பருவமே அதன் வாழ்நாள் முழுவதற்குமான ஈட்டம். பள்ளிப் பருவத்திற் பெற்றதைக்கொண்டே வாழ்நாளைக் கடக்கும் நமக்கு இதனை விளக்கிக் கூறவும் வேண்டுமோ?

இனி அவற்றை என் செய்வது? விட்டால் முருங்கையில் முட்டையிடும். கொன்றால் ஓராண்டு காத்ததன் பயன் யாது? வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. முடிவில், மரம் யாருடையதோ அவரே சொல்லட்டும் என்று, மாணவன் பானையோடு தன் மூத்தம்மாவிடம் சென்றான். யாமும் உடன் சென்றோம். அம்மூதாட்டி ஒரு விட்டிலைத் தம் சுருங்கிய உள்ளங்கையில் ஏற்றுக் கண்ணருகே பிடித்து நெடிது நோக்கினார். "இதா அந்த மயிர்க்கொட்டி? அல்லாஹ்ட படைப்பு எவ்வளவு அழகு! விடு மகன். முட்டையக் கண்டா அந்த ஒரு இலையப் பறிச்சாப் போதும்தானே" என்றார்.

அறியாமை இருந்தவிடத்தில் நஞ்சும் கோடரியும் அன்றி வழி இல்லாதிருந்தது. முட்டை எங்கே, எப்போது என்று அறிந்தபின், அதே கை இரங்கவும் முடிந்தது. தன் சோற்றைக் காக்கவும் முடிந்தது. அறிவு அருளுக்குப் பகை என்பார் இதனைக் கேட்பாராக.

ஈற்றில், விளக்கைப் பற்றி ஒரு சொல். ஐம்பொறிகளால் அழிவெய்துவார்க்கு நம் முன்னோர் ஐந்து உவமை காட்டினர்: ஓசைக்கு அசுணம், ஊற்றுக்கு யானை, சுவைக்கு மீன், நாற்றத்திற்கு வண்டு, ஒளிக்கு விட்டில். திருக்குர்ஆனின் 101ஆம் அத்தியாயமும் இறுதி நாளில் அலமரும் மாந்தரைச் சிதறிய விட்டில்களுக்கு ஒப்பிடுகின்றது. கோயில் மணியும் பள்ளிவாசல் அழைப்பும் ஒருங்கே கேட்கும் எம் ஊரில் இரண்டு வழியாலும் விட்டில் எம்மை வந்தடைகின்றது. ஆயினும் விட்டில் விளக்கை மெய்யாகவே விரும்புகின்றதா? இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர் உள்ளிட்டோர் விரைவு நிழற்படக் கருவிகொண்டு ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட முடிவு வேறு. இரவிலும் நிலத்தைவிட வானமே ஒளி மிக்கது. ஆதலின் பறக்கும் பூச்சிகள் ஒளியுள்ள பக்கம் முதுகைத் திருப்பி, அதனால் மேல் எது கீழ் எது என்று அறிகின்றன. நாம் ஏற்றிய விளக்கு குறுக்கிடும்போதும் அதற்கே முதுகைத் திருப்புகின்றன. திரும்பத் திரும்ப வளைந்து அதனையே சுற்றிச் சிக்குண்கின்றன. அஃதாவது, விட்டில் விளக்கைக் காமுற்று வீழவில்லை. விளக்கை வானமென மயங்கி வீழ்கின்றது.

இதனால் முன்னோர் உவமை பொய்த்ததென யாம் கருதவில்லை. மேலும் ஆழ்ந்ததென்றே கருதுகின்றோம். தீயதை விரும்பி அழிவாரினும், சிறு விளக்கைப் பெருவானமென நம்பி அழிவார் உலகிற் பலர். இளைஞர்க்கு இவ்விரண்டாம் பாடமே இன்றியமையாதது எனத் தோன்றுகின்றது.

ஆகவே பழைய மாணவ நண்பர்க்கு எம் வேண்டுகோள் எளியது. மாரி தொடங்கும் இரவுகளிலே தேவையற்ற வெளி விளக்கை அணைத்துவிடுங்கள். தேவையான விளக்கிற்கு மறைப்பிடுங்கள். கோடையில் முருங்கையடி மண்ணை ஒருமுறை கொத்திவிடுங்கள். விட்டில் ஒன்று சுவரில் வந்து அமர்ந்தால், விளக்குமாற்றை எடுக்குமுன் வீட்டுப் பிள்ளையை அழைத்து, இது யார் தெரியுமா என்று கேளுங்கள்.

மண்ணுள் மறைந்திருந்து காலம் வந்ததும் சிறகு விரிக்கும் உயிர்களைப் போல, நம் கல்லூரி பேணி வளர்த்த மாணவர் எத்திசை சென்றும் சிறப்புறுக. யூபிலி காணும் நம் கல்லூரி நீடு வாழ்க.